பழைய இஎக்ஸ்5-இல் கலவை ஸ்குருவை எந்தப் பக்கம் திருப்புவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சுங்கை சிப்புட் பக்கத் தோட்டம் ஒன்றில் அப்பா ஓட்டிய பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வகை. காலையில் சோக் இழுக்காமலே ஒரே உதையில் எழுந்துவிடுகிறது. சூடானதும் சிக்னலில் நின்றால் இருமி இருமி நின்றுபோகிறது. பெட்ரோல் முன்பைவிட அதிகம் குடிக்கிறது, பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. கலவை ஸ்குருவை எந்தப் பக்கம், எத்தனை சுற்று திருப்ப வேண்டும்?

இப்போதைக்கு எந்தப் பக்கமும் திருப்பாதீர்கள். நானும் சுங்கை சிப்புட்காரன்தான், வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் இருக்கும் காப்சாய்களுக்கு (இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டார் சைக்கிள்கள்) இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்த ஸ்குருவுக்குச் சம்பந்தமே கிடையாது.

குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெட்ரோல் கூடிய கலவை தேவை, அதைக் கொடுக்கத்தான் சோக் இருக்கிறது. சோக் இல்லாமலே காலையில் எழுந்துகொள்கிறது என்றால் கலவை ஏற்கெனவே ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருக்கிறது. அதனால்தான் சூடானதும் திணறுகிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதற்குக் கீழே குறையக் குறைய, எரியாத பெட்ரோல் கரியாகிப் பிளக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சின்ன ஸ்குருவின் ஆட்சி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வேகத்துக்கு முறுக்கும் கைப்பிடியை மூடி வைத்திருக்கும்போதும், கொஞ்சம் திறக்கும்போதும், மிஞ்சிப்போனால் கால்வாசி வரைக்கும்தான். கால்வாசியிலிருந்து முக்கால் வரைக்கும் கலவையைத் தீர்மானிப்பது ஸ்லைடில் (கைப்பிடியோடு கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் துண்டு) தொங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பாதிக் கைப்பிடியில் போகிற வழியில் செலவாகும் பெட்ரோலை இந்த ஸ்குரு குறைக்காது. ஆகவே முதல் கேள்வி, சரியாக இருந்த கலவை ஏன் ரிச் ஆனது? கார்புரேட்டர் தானாக மனம் மாறாது, ஏதோ ஒன்று அடைத்திருக்க வேண்டும் அல்லது தேய்ந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் நான் முதலில் பார்ப்பது ஏர் பில்டர். செம்பனைக் குலை ஏற்றிய லோரி செம்மண் ரோட்டில் முன்னே போனால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தூசி முழுவதும் பில்டரில்தான் உட்காருகிறது, சாயங்கால மழை ஈரமும் சேர்ந்தால் சேறு மாதிரி இறுகிவிடும். காற்று வரும் வழி அடைபட்டால் பெட்ரோல் அப்படியே வர, கலவை தானாக ரிச் ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிற ஓர் அக்காவுக்கு இதே கோளாறு. பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றச் சொல்லி, அவரும் மாற்றிவிட்டார், கோளாறு அப்படியே இருந்தது. நான் பார்த்தபோது பில்டர் செங்கல் நிறத்தில் இருந்தது, அதை மாற்றியதும் மோட்டார் சரியாகிவிட்டது. விடியும் முன்னே வெட்டுக் காட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர், மோட்டார் கிளம்பாவிட்டால் அன்றைய கூலியே போச்சு. அப்படிப்பட்டவரிடம் தேவையில்லாத சாமானை விற்பது எனக்குப் பொறுக்காத விஷயம், இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான். காகித பில்டர் என்றால் கழுவக் கூடாது, மாற்றிவிடுங்கள். ஸ்பாஞ்ச் என்றால் கழுவி, காயவைத்து, பில்டர் எண்ணெய் லேசாகப் பிசைந்து பிழிந்து மாட்டலாம். பில்டரே இல்லாமல் ஓட்டுவது மட்டும் வேண்டாம், அந்த மண் நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்தது சோக். லீவரைத் திருப்பிவிட்டோம் என்று நாம் நினைப்போம், உள்ளே தகடு பாதியில் சிக்கி நிற்கும். பில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, தகடு முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம், கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. மிதவை ஊசியின் ரப்பர் முனை தேய்ந்தாலோ அங்கே குப்பை சிக்கினாலோ கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும், எல்லா நிலையிலும் ரிச் ஆகும். நிறுத்தி வைத்த மோட்டாருக்கு அடியில் பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குருவை இளக்கி, வெளியே வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் தண்ணீரும் துருவும் இருந்தால் அடியில் தங்குவது தெரியும்.

பிளக் கரியிலும் இரண்டு வகை உண்டு. விரலில் புகைக்கரி போல உலர்ந்து ஒட்டினால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்காக ஈரமாக மினுங்கினால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக இஞ்சின் எண்ணெய் ஏறுகிறது, அதற்கு கார்புரேட்டரில் மருந்து இல்லை. புகையும் அப்படித்தான், கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் எண்ணெய். பிளக் இடைவெளி 0.6-லிருந்து 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வால்வு இடைவெளியை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வகை ஹோண்டாவுக்கு 0.05 மில்லிமீட்டர். வால்வு இறுகியிருந்தால் கலவையை என்ன செய்தாலும் சிலோ (கைப்பிடியைத் தொடாதபோது இயந்திரம் மெதுவாக ஓடும் வேகம்) நிலையாக நிற்காது.

எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டாரைச் சூடாக்கி, சிலோவில் ஓடவிட்டு, பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று கேளுங்கள். கிண்ணம் காலியாகக் காலியாகக் கலவை மெல்ல லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும். அணையும் முன்னே சத்தம் ஏறி, நன்றாக ஓடி, அப்புறம் அணைந்தால் இதுவரை ரிச்சாக ஓடியிருக்கிறது. ஏறாமல் அப்படியே இறங்கி அணைந்தால் கலவை சரியாகவோ லீனாகவோ இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்குரு. கார்புரேட்டரில் இரண்டு ஸ்குரு இருக்கும். ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கும் பெரியது சிலோ ஸ்குரு, அது வேகத்தை மட்டும் மாற்றும். இன்னொன்று கலவைக்கு. அந்தக் கலவை ஸ்குரு ஸ்லைடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது: உள்ளே முடுக்கினால் காற்று குறைந்து ரிச், வெளியே இளக்கினால் லீன். இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளக்கிறது: உள்ளே முடுக்கினால் லீன், வெளியே இளக்கினால் ரிச். இரண்டும் நேர் எதிர். வேறு மோட்டார் வைத்திருக்கும் நண்பர் சொன்ன திசை உங்களுக்குத் தலைகீழாகப் போவது இதனால்தான், எத்தனை சுற்று என்று நான் முடிவான ஓர் எண்ணைச் சொல்லாததும் இதனால்தான்.

தொடங்கும் முன் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்ல உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் போய் உட்காருகிறது என்று எண்ணி, தாளில் எழுதி வையுங்கள். உட்காரும் இடத்தில் விரல் பலம் போதும், திருப்புளியால் அழுத்தி முறுக்கினால் ஸ்குருவின் கூர்முனை உடைந்து துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது அலுமினிய உடம்பில் துளை விரிந்துவிடும், அதற்கு அப்புறம் அந்தக் கார்புரேட்டர் ஒழுங்காக டியூன் ஆகாது. பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பெரும்பாலான சின்ன மோட்டார்களுக்கு இது தொடங்க நல்ல இடம், கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டுப்படி செய்யுங்கள்.

பத்து நிமிடம் ரோட்டில் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். நிறுத்தி வைத்து முறுக்கிச் சூடாக்குவதைவிட இதுதான் சரி. திறந்தவெளியில், நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சிலோவைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். இப்போது கலவை ஸ்குருவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள், ஒவ்வொரு தடவையும் சில நொடி பொறுத்துக் கேளுங்கள், இயந்திரம் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் தடுமாறும். மறுபக்கமும் அப்படித்தான். இரண்டு தடுமாற்றத்துக்கும் நடுவில், சத்தம் உயர்ந்து சீராக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் சிலோ ஸ்குருவால் வேகத்தை இறக்குங்கள், நிமிடத்துக்கு 1400 சுற்றை ஒட்டி. மீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, அணையாமல், சங்கிலி அதிராமல், நிதானமாக ஓடினால் போதும். இறக்கிய பிறகு கலவையை இன்னொரு தடவை சரிபாருங்கள், ஒன்றை மாற்றினால் மற்றதும் நகரும்.

கைப்பிடியைச் சட்டென்று திறந்து பாருங்கள். தயங்கி, விழுந்து, அப்புறம் எழுந்தால் கொஞ்சம் லீன், எட்டில் ஒரு சுற்று ரிச் பக்கம் கொடுங்கள். கைப்பிடியை விட்ட பிறகு சத்தம் இறங்காமல் உயரத்திலேயே நின்றாலும், இறக்கத்தில் சைலன்சர் பட் பட்டென்று வெடித்தாலும் அதுவும் லீன், அல்லது கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகக் காற்று புகுகிறது. பழைய மோட்டாரில் இந்த ஓ-ரிங் கல்லாகியிருக்கும், விலை மிகக் குறைவு, கழற்றும்போதே மாற்றிவிடுங்கள்.

ஸ்குருவை எவ்வளவு திருப்பினாலும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் பெரும்பாலும் சிலோ ஜெட் (சிலோவுக்குப் பெட்ரோல் விடும் துளை) அடைத்திருக்கிறது. பல மாதம் நிறுத்தி வைத்த மோட்டாரில் பெட்ரோல் காய்ந்து பிசின் ஆகிவிடும். கிளீனர் அடித்து, பட்டறையில் காற்று ஊதி எடுக்கலாம். இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள், ஜெட் பித்தளை, துளை விரிந்தால் நிரந்தரமாக ரிச்தான்.

பலர் மறந்துவிடும் ஒன்று, ஊசியும் அது ஏறி இறங்கும் பித்தளைக் குழாயும். வருடக்கணக்கில் உரசி உரசிக் குழாயின் வாய் நீள்வட்டமாகிவிடும், பாதிக் கைப்பிடியில் பெட்ரோல் கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். சிலோ அருமையாக இருந்தும் ஓடும்போது பெட்ரோல் குடித்தால் இதைத்தான் சந்தேகிப்பேன். ஊசியில் கிளிப் பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழிறங்கிக் கலவை லீன் ஆகும், ஆனால் தேய்ந்த சாமானுக்கு அது தற்காலிக ஆறுதல்தான்.

யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று லீன் பக்கம் போகாதீர்கள். லீன் கலவையில் வெப்பம் ஏறும், நெடுஞ்சாலையில் முழுக் கைப்பிடியில் பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும், உயிருக்கே ஆபத்து. அவற்றில் கொஞ்சம் ரிச்சாக விடுவதே புத்திசாலித்தனம். அதேபோல, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது இஎக்ஸ்5 மந்தமாகிறது என்று அங்கே நின்று ஸ்குருவைத் திருப்ப வேண்டாம். மலையிலுள்ள தானா ராத்தா நகரம் 1400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவதால் கலவை தானாக ரிச் ஆகும், கீழே வந்தால் சரியாகிவிடும். மேலே லீன் செய்துவிட்டுக் கீழே வந்தால் சூடேறும்.

எல்லாம் முடிந்ததும் புதுப் பிளக் போட்டு, வழக்கமான வழியில் ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு ஓட்டிக்கொண்டு வந்து, சிலோவில் விடாமல் உடனே அணைத்து, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது, வெள்ளை என்றால் லீன். இப்போதைய ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் மங்கலாகத்தான் விழும், அதனால் பழைய ஆட்கள் சொல்லும் காப்பி நிறத்தைத் தேடிக்கொண்டே ரிச் ஆக்கிவிடாதீர்கள். அப்போதும் கரி என்றால் ஊசியும் பித்தளைக் குழாயும் ஜோடியாக மாற்றுங்கள், உங்கள் கார்புரேட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் கடையில் காட்டி வாங்குங்கள். முழு நகல் கார்புரேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம், அவற்றில் ஜெட் அளவுகள் சொன்னபடி இருப்பதில்லை, மோட்டாரோடு வந்த பழைய கெய்ஹின் நிறுவனக் கார்புரேட்டரின் உடம்பு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.