முதல் பத்தியை மாற்றி எழுதுங்கள், தம்பி

தம்பி, புதுச்சேரி வில்லியனூர் என்று பார்த்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம். ஜெர்மனிக்கு வந்து, கொலோன் நகரத்தில் படித்து, வேலைக்குச் சேர்ந்து, பிள்ளை பெற்று, இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன்.

புதுச்சேரியில் உடற்கல்விப் பட்டம் முடித்துவிட்டு, கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். குளிர் தாங்குமா, அறை கிடைக்குமா, பகுதி நேர வேலை உண்டா, மசாலாப் பொடி எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியையும் போட்டு, "சரியா இருக்கா அக்கா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குளிர் பெரிய விஷயமில்லை, மழைதான் தொல்லை. ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். மசாலா எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். வேலையைப் பற்றி வந்த பிறகு பேசலாம். எனக்குக் கவலை அந்த முதல் பத்திதான். "ஒலிம்பிக் சுடர் ஓட்டத்தின் தந்தை, மாமனிதர் கார்ல் டீம் உருவாக்கிய புனித வளாகத்தில் பயில்வது என் வாழ்நாள் கனவு" என்று தொடங்குகிறது. இதை நீங்கள் எழுதினீர்களா, ஏஜென்சியில் எழுதிக் கொடுத்தார்களா? இதே வரியை, ஒரு வார்த்தை மாறாமல், வேறு பிள்ளைகளின் கடிதங்களிலும் பார்த்திருக்கிறேன். இந்த ஏஜென்சிக்காரர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். இது அரசுப் பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணமே கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான். அதற்கு வழிகாட்டுகிறேன் என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்றுகூடத் தெரியாமல் ஒரு பத்தியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

கார்ல் டீம் 1882ல் வூர்ட்ஸ்பர்கில் பிறந்தவர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. விளையாட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதி மேலே வந்தவர். 1916 ஒலிம்பிக் பெர்லினில் நடப்பதாக இருந்தது. அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இவர் இருந்தார். முதல் உலகப் போர் வந்து நின்றுபோனது. போர் முடிந்து 1920ல் பெர்லினில் உடற்பயிற்சிக்கென்றே ஒரு உயர்கல்விக்கூடம் தொடங்கினார்கள். அறுவை மருத்துவர் ஆகுஸ்ட் பியர் அதன் தலைவர், ஆனால் நடத்தியது கார்ல் டீம். விளையாட்டை மருத்துவத்தோடும் கல்வியியலோடும் சேர்த்துப் படிக்கவேண்டிய பாடமாக ஆக்கியதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1920ல்தான் நம் சென்னையில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். சென்னையிலேயே வாழ்ந்து 1943ல் இறந்தார். நம் பக்கத்துப் பி.டி. வாத்தியார்களில் எத்தனையோ பேர் அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்கள். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை!

சரி, கார்ல் டீமுக்கு வருகிறேன். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு பெர்லின் கல்விக்கூடம் மூடப்பட்டது. ஆனால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் ஏற்பாட்டுக் குழுப் பொதுச் செயலாளர் கார்ல் டீம்தான். கிரேக்கத்தின் ஒலிம்பியாவிலிருந்து பெர்லின் வரை 3,000க்கும் மேற்பட்டவர்கள் கைமாற்றிச் சுடரைக் கொண்டுவந்த ஓட்டம் இவர் காலத்து ஏற்பாடு. ஹிட்லர் அரசு அதைத் தன் விளம்பரத்துக்கு முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது. அந்த ஒலிம்பிக்கில்தான் தியான் சந்த் தலைமையில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 8–1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அதை நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசலாம். அந்த மைதானத்தின் மீதிக் கதையையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு பேசவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கார்ல் டீம் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேரவில்லை. ஆனால் அந்த ஆட்சியின் விளையாட்டு அமைப்பில் பொறுப்பு வகித்தார். 1940ல் ஜெர்மன் படை பிரான்சுக்குள் பாய்ந்து போனதைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் உங்கள் புதுச்சேரி எந்தப் பக்கம் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநர் போன்வேன் ஹிட்லருக்குப் பணியாமல், போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் பக்கம் சேர்ந்தார். அந்த ஊரிலிருந்து வருகிற பிள்ளை "மாமனிதர்" என்று எழுதினால் எனக்கு மனசு கேட்கவில்லை.

அதைவிடக் கனமானது 1945 மார்ச். போர் தோற்றுவிட்டது, சோவியத் படை பெர்லினை நெருங்குகிறது. அப்போது அதே ஒலிம்பிக் மைதான வளாகத்தில், ஆயுதம் கொடுத்து நிறுத்தியிருந்த கிழவர்கள், பள்ளிப் பையன்கள் முன்னால் கார்ல் டீம் பேசினார். பழைய கிரேக்கத்து ஸ்பார்ட்டா வீரர்களைச் சொல்லி, நாட்டுக்காக உயிரைக் கொடுக்கச் சொல்லும் பேச்சு. அங்கே நின்ற பையன்களில் ஒருவர் ராய்ன்ஹார்ட் அப்பெல். பின்னாளில் பெயர்பெற்ற தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் ஆனார்; 1980களில் அவர் சொல்லித்தான் இது பெரிதாக வெளியே வந்தது.

போர் முடிந்து இரண்டே வருடத்தில், 1947ல், குண்டுவீச்சில் நொறுங்கிப்போன கொலோனில் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தொடங்கியவரும் முதல் தலைவரும் கார்ல் டீம்தான். 1962ல் இறக்கும் வரை அவரே தலைவர். அந்த முதல் வருடத்திலிருந்தே செப் ஹெர்பெர்கர் இங்கே கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு நடத்தினார். 1954ல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஹெர்பெர்கர். 1970ல் முனைவர் பட்டம் கொடுக்கும் உரிமை வந்தது. ஊக்கமருந்துச் சோதனையில் உலகமே மதித்த மான்ஃப்ரெட் டோனிக்கே இங்கேதான் வேலை செய்தார். இளமையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டியவர், அப்புறம் வேதியியலாளர். 1983ல் வெனிசுவேலாவின் காரகாஸில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளில் அவர் சோதனையில் மாட்டியவர்கள் ஏராளம். சோதனைக்குப் பயந்து போட்டியிடாமலே ஊர் திரும்பியவர்களும் உண்டு. இதெல்லாம் நிஜமான பெருமை. எழுதுவதென்றால் இதை எழுதுங்கள்.

நான் சேர்ந்தபோது பல்கலைக்கழகத்தின் முகவரியே கார்ல் டீம் சாலைதான். 1 எண் டிராமில் மைதானம் வரை போய் இறங்கி, அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போவோம். பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அது மூங்கர்ஸ்டோர்ஃப் விளையாட்டுப் பூங்கா என்ற முகவரி. யாரோ வெளியாள் வந்து எடுக்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகமும் ஜெர்மன் ஒலிம்பிக் அமைப்பும் முன்நின்று ஒரு வரலாற்றாசிரியரைக் கொண்டு அவர் வாழ்க்கையை ஆராயச் செய்தன. பல பாகங்களாக அச்சில் வந்திருக்கிறது. நிறுவனருக்கு மாலை போட்டு மணிமண்டபம் கட்டும் ஊரிலிருந்து வந்த எனக்கு, முதல் பருவ வரலாற்று வகுப்பில் அந்த 1945 பேச்சைப் பற்றி ஆசிரியர் விளக்கியபோது உடம்பு சிலிர்த்துப்போனது. நிறுவனரின் வளாகத்திலேயே நின்று பேசுகிறார், யாரும் குறுக்கே பேசவில்லை. இந்த நாட்டின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

உங்கள் கடிதத்தைப் படிக்கப் போவது அந்த ஆசிரியர்கள்தான் என்பதை மனதில் வையுங்கள்.

இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் இருபது வருடம் இருந்தும் இதொன்றும் தெரியாமல் இருக்கிறார்கள். ஐ.டி. வேலை, சனிக்கிழமை பிரியாணி, ஊர்க்காரர் குழு, அவ்வளவுதான். ஜெர்மன் தேவைப்படவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நான் வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டவர்கள் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். அகதியாக வந்து, ஓட்டல் சமையல்கட்டில் நின்றுகொண்டே மொழி படித்தவர்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலை எழுப்பியதும் அவர்கள்தான். பழகினால் அவர்களோடு பழகுங்கள்.

இளங்கலைக்குத் தனியாக ஒரு உடல்தகுதித் தேர்வு உண்டு. நான் இந்தியப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே முதலிலிருந்து படித்ததால் அதை எழுதவேண்டி வந்தது. ஓட்டம், உயரத் தாண்டல், குண்டு எறிதல், ஜிம்னாஸ்டிக்ஸ், பந்து விளையாட்டு, நீச்சல் என்று ஒரே மூச்சில் சுமார் 20 சோதனைகள், கடைசியில் நீண்ட ஓட்டம். ஓட்டமும் எறிதலும் எனக்குக் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் வந்தவை. நீச்சல்தான் இல்லை. தேவனாம்பட்டினம் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தாலும் பெண்பிள்ளையைத் தண்ணீரில் விடுவார்களா? முழங்கால் நனைய நிற்கலாம், அவ்வளவுதான். இங்கே நகராட்சிக் குளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றேன். தேறினேன். இப்போது அதே குளத்தில் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அந்த வேலையில் எனக்கு வழிகாட்டி லீசலொட் டீம், கார்ல் டீமின் மனைவி. பெர்லினில் படித்தவர், கொலோனில் பேராசிரியர், 1960களின் கடைசியில் இதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். சின்னக் குழந்தைகளைத் தண்ணீரில் விட்டுப் பழக்கினால் அவர்கள் வளர்ச்சி எப்படிப் போகிறது என்று பல ஆண்டு ஆராய்ச்சி நடத்தியவர். பயந்து அழும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளாமல், விளையாடவிட்டுத் தானாக இறங்கவைக்கும் முறையை நான் இங்கே படித்தேன். ஓ.டி.யில் எனக்கு யாராவது அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால்!

கடிதத்துக்கு வருவோம். வில்லியனூரில் யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், எது வரவில்லை, அதற்கு இங்கே எந்தப் பாடம் உதவும் என்று தொடங்குங்கள். நிறுவனர் பெயர் வேண்டாம். வேண்டுமென்றால் 1920ல் சென்னையும் பெர்லினும் ஒரே வேலையைத் தொடங்கியதை எழுதி, பெர்லின் கதை எங்கே போனது என்பதையும் நேராக எழுதுங்கள். முதுகலையில் சில பாடங்கள் ஆங்கிலத்தில் உண்டு, அதை நம்பி ஜெர்மனை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் பட்டங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், இழுக்கும். அறைக்குச் சாவி கைக்கு வரும் முன் ஒரு யூரோ முன்பணம் அனுப்பாதீர்கள். எனக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் பட்டை நாமம் போட்டார், முதல் மாதம் முழுக்கத் தெரிந்தவர் வீட்டுச் சோபாவில் படுத்தேன். மாற்றி எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.