சர்வர் போடத் தெரிகிறது, பிளான் போட வரவில்லை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன் சார். ஐடி பிரிவில் என் கீழ் நான்கு பேர். விண்டோஸ் சர்வர் நிறுவுவது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் புது ஈஆர்பிக்கு (பில், சரக்கு, கணக்கு எல்லாம் ஒன்றாக ஓடும் மென்பொருள்) எத்தனை சர்வர், எதை எங்கே வைப்பது என்றால் முழிக்கிறார்கள். சர்வர் 2008 காலத்துப் பயிற்சிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: பாதிப் புத்தகம் உதவும். அந்தப் பதிப்புக்கான நீட்டித்த ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்தது, மைக்ரோசாப்ட் தந்துவந்த எம்சிஎஸ்இ சான்றிதழையும் 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொல்லும் பக்கங்களைத் தள்ளுங்கள். தேவையைக் கேட்டறியும் அத்தியாயங்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை.

முதல் வாரம் கம்ப்யூட்டரே வேண்டாம். நால்வரையும் டிஸ்பாட்ச் பகுதிக்கு அனுப்புங்கள். பில் போடுபவரிடம் இரண்டே கேள்வி. சர்வர் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்? போட்ட பில்லில் எத்தனையைத் திரும்ப அடிக்கச் சம்மதம்? முதல் பதில்தான் ஆர்டிஓ (எவ்வளவு நேரத்துக்குள் சேவை மீள வேண்டும்), இரண்டாவது ஆர்பிஓ (கடைசியாக எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம்). சரக்கோடு போகவேண்டிய இ-வே பில் இல்லாமல் லாரியை மாநில எல்லையான வாளையாறு பக்கம் அனுப்ப முடியாது என்று அவர் வாயால் கேட்டால்தான் உறைக்கும்.

அப்புறம் கணக்கு. 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம். அப்ளிகேஷன் சர்வரும் டேட்டாபேஸ் சர்வரும் தனித்தனியாக அந்த அளவு என்றால், இரண்டும் சேர்ந்த சேவை சுமார் பதினேழரை மணி நேரம் நிற்கலாம். இதைப் பலகையில் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

லேபுக்கு 32 ஜிபி ரேம் உள்ள ஒரு பிசி போதும். விண்டோஸ் சர்வரின் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பைப் போட்டு, ஹைப்பர்-வியில் (ஒரே பிசியில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் வசதி) இரண்டு நோட் கிளஸ்டர் கட்டச் சொல்லுங்கள், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் இரண்டு சர்வர் கூட்டு. விட்னஸ் (மூன்றாவது ஓட்டுப் போடும் சாட்சி) இல்லாமல். பிறகு ஒரு நோடைத் திடீரென்று அணையுங்கள். கிளஸ்டர் ஓடலாமா என்பதை நோட்களின் ஓட்டுதான் தீர்மானிக்கும். இப்போதுள்ள பதிப்புகளில் இரண்டில் ஒன்றின் ஓட்டை கிளஸ்டரே எடுத்துவிடும். ஓட்டு இல்லாதது விழுந்தால் சேவை ஓடும், ஓட்டு உள்ளது விழுந்தால் எல்லாம் நிற்கும். ஒருவருக்கு ஓடி, இன்னொருவருக்கு நிற்கும்போது சண்டை வரும் பாருங்கள், பாடமே அங்கேதான். அதன்பின் மூன்றாவது இடத்தில் விட்னஸ் வைக்கச் சொல்லுங்கள்.

நானே ஒருமுறை சறுக்கினேன். காகிதத்தில் அழகாக இரண்டு சர்வர் வரைந்தேன், சுவரில் இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போய் பேட்டரியும் இறங்க, இரண்டும் சேர்ந்தே படுத்தன. அதனால் சர்வரிலிருந்து மெயின் மின்சார போர்டு வரை வயரைக் கையால் பிடித்துக்கொண்டே நடக்க வையுங்கள்.

கடைசித் தேர்வு எழுத்தில் வேண்டாம். பேக்கப்பிலிருந்து ஈஆர்பியை வேறு மெஷினில் மீட்டு, ஒரு பில் அடிக்கும்வரை கடிகாரம் ஓடட்டும். டிஸ்பாட்சில் சொன்ன நேரத்தைத் தாண்டினால் பிளானைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.