குழாய்த் தண்ணீரே 29 டிகிரி இருக்கும் ஊரில் பீர் வொர்ட்டைச் சீக்கிரம் ஆற வைப்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டில் 20 லிட்டர் அளவில் பீர் காய்ச்சுகிறேன். வொர்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) முக்கிய 7.5 மீட்டர் காப்பர் காயிலுக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஒரு மணி நேரம் ஆனாலும் அது 35 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காயிலை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், காயிலில் குறையில்லை. 29 டிகிரி தண்ணீரை வைத்துக்கொண்டு எதையும் 29-க்குக் கீழே கொண்டுபோக முடியாது. வொர்ட் 35-ஐ நெருங்கியதும் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சுருங்கிவிடுவதால் வெப்பம் மாறுவதும் மந்தமாகிவிடும். அதன் பிறகும் குழாயைத் திறந்து வைத்தால் தண்ணீர் பில்தான் ஏறும். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 100-லிருந்து 40 வரை குழாய்த் தண்ணீர், 40-லிருந்து 20 வரை ஐஸ்.

எடுத்த எடுப்பிலேயே ஐஸைக் கொட்டுகிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டால் அது ஏன் வீண் என்று புரியும். 20 லிட்டரை 100-லிருந்து 20-க்கு இறக்க ஏறக்குறைய 6,700 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 20 டிகிரிக்கு வருவதற்குள் இழுத்துக்கொள்வது சுமார் 420 கிலோஜூல். முழுக்க ஐஸ்தான் என்றால் 16 கிலோ வேண்டும். 40 வரை குழாய்த் தண்ணீரே பார்த்துக்கொண்டால் ஏட்டுக் கணக்கில் 4 கிலோ போதும். பக்கெட்டும் காற்றும் தின்பதைச் சேர்த்து 6 கிலோ வாங்கி வையுங்கள்.

ஐஸ் கட்டத்துக்குத் தேவை ஒரு பக்கெட்டும், மீன் தொட்டிக்கு விற்கும் நீரில் மூழ்கும் பம்ப்பும். பம்ப் எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சின்னதை வாங்கினால் காயிலின் மறுமுனையில் தண்ணீர் நூலாகத்தான் வரும். பக்கெட்டில் பம்ப் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஐஸைப் போடுங்கள். வொர்ட் 40-க்கு வந்ததும் உள்ளே போகும் டியூபைக் குழாயிலிருந்து கழற்றிப் பம்ப்பில் மாட்டுங்கள். காயிலிலிருந்து முதலில் வரும் ஒன்றிரண்டு லிட்டர் சூடாக இருக்கும், அதை சிங்க்கில் விட்டுவிட்டு அப்புறம் டியூபைப் பக்கெட்டுக்குள் திருப்புங்கள். முதல் கட்டத்தில் வெளியே வரும் கொதிநீரையும் வீணாக்காதீர்கள். பிடித்து வைத்தால் மால்ட் சக்கை ஒட்டிய பாத்திரங்களைக் கழுவ அதைவிட நல்லது கிடையாது.

இவ்வளவு செய்தும் காயிலை அசையாமல் விட்டால் பாதி பலன் போய்விடும். காப்பரை ஒட்டியிருக்கும் வொர்ட் ஆறி அங்கேயே போர்வையாக நின்றுவிடும், சுற்றியிருப்பது சூடாகவே இருக்கும். காயிலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். சந்தேகமென்றால் வொர்ட் 60-க்கு வந்தபின் வெளியேறும் டியூபைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆட்டிப் பாருங்கள், சில நொடிகளில் கையில் சூடு ஏறுவது தெரியும். வெப்பமானியையும் கலக்கியபின்தான் பார்க்க வேண்டும்; அடியில் குளிர்ந்த வொர்ட் தங்கிப் பொய்க்கணக்கு காட்டும். காப்பர் நல்லதா ஸ்டீல் நல்லதா என்ற விவாதமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சில்லறை விஷயங்கள் சில. கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே காயிலை உள்ளே இறக்கினால் அதுவே கிருமி நீக்கம், தனியாக எதுவும் வேண்டாம். டியூப் இணைப்புகள் பானையின் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கிளாம்ப் கசிந்து பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வொர்ட்டில் விழுந்தால் செய்த சுத்தமெல்லாம் பாழ். வெளியேறும் பக்கம் சாதாரண பிவிசி ஹோஸ் சூட்டில் தளர்ந்து கழன்றுவிடும், சிலிகான் டியூப் போடுங்கள். பிளேட் சில்லர் (அடுக்கிய உலோகத் தகடுகளுக்கு இடையே வொர்ட்டை ஓடவிட்டு ஆற வைக்கும் கருவி) வேகமானதுதான், ஆனால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) தூள் உள்ளே அடைத்துக்கொண்டால் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வழியில்லை. 20 லிட்டருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

அவசரம் எதுவரை? 80 டிகிரிக்கு மேல் நிற்கும் வரை கடைசியில் போட்ட ஹாப்ஸ் வாசனையை இழந்து கசப்பை ஏற்றிக்கொண்டே இருக்கும். பில்ஸ்னர் என்ற வெளிர்நிற மால்ட் என்றால் வேகவைத்த சோள வாடை தரும் டி.எம்.எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு) உருவாவதும் அந்தச் சூட்டில்தான், அதனால் அதுவரை மூடி போடாதீர்கள். சூடு குறையக் குறையக் கிருமி பயம் வரும், அப்போது மூடிவிடுங்கள். கடைசி ஐந்தாறு டிகிரிக்கு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 26-ல் நின்றுவிட்டால் கிருமி நீக்கிய ஃபெர்மென்டருக்கு (நொதிக்க வைக்கும் பாத்திரம்) மாற்றி 18 டிகிரிக்கு வைத்த ஃப்ரிட்ஜில் இரவு வைத்துவிட்டுக் காலையில் ஈஸ்ட் போடலாம். ஆனால் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி) தண்ணீர் ஊற்றாதீர்கள். வொர்ட் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து அந்தத் தண்ணீரை அப்படியே இழுத்துவிடும். கிருமி நீக்கிய ஃபாயிலால் வாயை மூடினால் போதும்.

ஐஸே வேண்டாம் என்றால் நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட் இருக்கிறது. வோஸ் வகை 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும், மெல்லிய ஆரஞ்சு வாசனை வரும். சற்றுச் சூட்டில் நொதிக்கும் பீர் வகையான எய்லுக்குச் சரி, குளிரில் நொதிக்க வைக்கும் லாகருக்கு உதவாது. ஆஸ்திரேலியாவில் பலர் ஆற வைப்பதே இல்லை. கொதிக்கக் கொதிக்க வொர்ட்டை எச்டிபிஇ (சூடு தாங்கும் கெட்டி பிளாஸ்டிக்) கேனில் நிரப்பி, காற்றைப் பிதுக்கி எடுத்து மூடி, மூடியின் உட்புறத்திலும் சூடு படும்படி சாய்த்து வைத்துத் தானாக ஆற விடுவார்கள். இந்த முறையில் கடைசி ஹாப்ஸை 15, 20 நிமிடம் தள்ளிப் போட வேண்டும். வொர்ட்டின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். போட்யூலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கும் 4.6-க்கு அது மேலே. ஆகவே கேனை வாரக்கணக்கில் மூலையில் போட்டு வைக்காமல் மறுநாளே ஈஸ்ட் போட்டுவிடுங்கள்.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)