சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் தன்னார்வலர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? சேர்வதற்கு நீச்சல் தெரிய வேண்டுமா?

நீச்சலே தேவையில்லை. கடலுக்குள் யாரும் இறங்குவது கிடையாது. ராத்தூக்கத்தைத் தியாகம் பண்ணும் மனசும், மணலில் ஏழு கிலோமீட்டர் நடக்கும் காலும் இருந்தால் போதும்.

1970களில் பாம்புப் பண்ணை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் சென்னையில் தொடங்கிய, ஆமை முட்டை தேடும் இரவு நடையை, 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு தொடர்ந்து நடத்துகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நடை இருக்கும். நள்ளிரவுவாக்கில் நீலாங்கரையில் கிளம்பினால் பெசன்ட் நகர் வந்துசேர விடிந்துவிடும். முட்டையிடக் கரைக்கு வருவது பங்குனி ஆமை. செய்திகளில் ஆலிவ் ரிட்லி என்கிறார்களே, அதுதான்.

முதல் விதி: டார்ச்சை அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். ஆமையையே நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். பெரும்பாலும் கிடைப்பது தடம் மட்டுமே. ஈர மணலில் டிராக்டர் டயர் உருண்ட மாதிரி ஒன்று மேலேறும், பக்கத்திலேயே இன்னொன்று இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆனால் முட்டை எங்கே என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முட்டையிட்டபின் ஆமை உடம்பாலேயே தட்டித்தட்டி மணலை இறுக்கி, சுற்றிலும் வாரி இறைத்துவிட்டுத்தான் போகும்.

அதனால் பழகியவர் ஒருவர் கோலை மெல்ல மெல்லக் குத்திப் பார்ப்பார். மற்ற இடத்தில் மணல் எதிர்க்கும். குழிக்கு மேல் மட்டும் சட்டென்று இறங்கும். அந்த நொடியில் கையை நிறுத்தத் தெரியாவிட்டால் முட்டை உடைந்துபோகும். புதியவர்களிடம் கோலைத் தரமாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன்பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழம் இருக்கும், குப்புறப் படுத்தால்தான் கை எட்டும். முட்டை ஓடு கெட்டியாக இருக்காது, விரல் பட்டால் அமுங்கும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலேயும் இருக்கும். எண்ணி, துணிப்பையில் வைத்து, குழியின் ஆழம் அகலம் அளந்து, முட்டை பொரியும்வரை காவல் காக்கும் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே அளவில் குழி வெட்டிப் புதைப்பார்கள். மேலே குறுகலாக, கீழே அகலமாக. இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கரு ஓட்டில் ஒட்டியபிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துவிடும்.

இட்ட இடத்திலேயே விட்டால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்ல கடற்கரையாக இருந்தால் விடுவதுதான் சரி. இங்கே நாயும் மனிதக் காலும் ஒரு பக்கம், தெருவிளக்கு இன்னொரு பக்கம். குஞ்சு வெளிச்சமான திசையைத்தான் கடல் என்று நினைக்கும். நம் ஊரில் அது ரோடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிருள்ள ஆமையைவிடச் செத்த ஆமையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், விசைப்படகின் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகும். வலையிலிருந்து ஆமை தப்பிக்கக் கருவி இருக்கிறது, கரையோரம் இழுவலை போடக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. அவை நடைமுறைக்கு வராதவரை நாங்கள் கரையில் செய்வது பாதி வேலைதான் என்பது என் கருத்து. இதற்காகச் சின்ன ஃபைபர் படகில் போகும் மீனவர்களைத் திட்டாதீர்கள். விடிகாலையில் 'தம்பி, அந்தாண்ட தடம் இருக்கு, பாரு' என்று கூப்பிட்டுச் சொல்வதே அவர்கள்தான்.

குஞ்சுகளை மட்டும் பார்த்தால் போதும் என்றால் ராத்திரி நடக்கவே வேண்டாம். முட்டை பொரிய 45 முதல் 50 நாள் ஆகும். ஆகவே மார்ச், ஏப்ரல் சாயங்காலங்களில் பொரிப்பகத்துப் பக்கம் வாருங்கள். ஃபிளாஷ் போட்டு செல்ஃபி வேண்டாம். 'பாவம், நானே தண்ணியில விட்டுடறேன்' என்று கையில் தூக்கவும் வேண்டாம், அதுவே நடந்து போகட்டும். அலைக்கும் குஞ்சுக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். கால் வைக்குமுன் கீழே பாருங்கள்.