கிங் லியர் கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையா?

இல்லை. ஆனால் அவர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்த பிறகுதான் எனக்கு அந்த நாடகத்தின் மேல் மதிப்பு இன்னும் கூடியது.

வயதான அரசர் லியர், மூன்று மகள்களில் தன்னை உண்மையாக நேசித்த கடைசி மகள் கார்டீலியாவைத் துரத்திவிட்டு, மற்ற இருவரிடம் நாட்டைக் கொடுத்து ஏமாறும் கதை அது. அந்தக் கதை ஷேக்ஸ்பியருக்கு 400 வருஷத்துக்கும் மேல் மூத்தது. 1136 வாக்கில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் லத்தீனில் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில் அது வருகிறது. வரலாறு என்று பெயர்தான், பாதிக்கு மேல் கட்டுக்கதை. அப்பாவை உப்பைப் போல நேசிப்பதாகச் சொல்லித் துரத்தப்படும் மகளின் கதை ஐரோப்பா முழுக்க உண்டு. இதுவும் அதே குடும்பம். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த மகள் சொல்வது உடனே புரியும். ஷேக்ஸ்பியர் காலத்து வரலாற்றாசிரியர் ஹோலின்ஷெட்டின் நூல் வழியாகவும் லியர் கதை ஷேக்ஸ்பியரிடம் வந்தது.

நாடகத்தில் லியரின் கதையோடு இணைந்து ஓடும் இன்னொரு கதை, கண்ணிழந்த க்ளாஸ்டர் பிரபுவுடையது. அது 1590இல் அச்சான பிலிப் சிட்னியின் ஆர்கேடியா என்ற நெடுங்கதையிலிருந்து வந்தது. அதிலும் ஒரு குருட்டு அரசர், பாறை உச்சியிலிருந்து குதிக்கத் தன்னை அங்கே கூட்டிப்போகச் சொல்லி மகனிடம் கேட்கிறார். மகன் மறுக்கிறான். ஷேக்ஸ்பியரிடம் க்ளாஸ்டரின் மகன் எட்கர் மறுப்பதில்லை. சமதரையையே செங்குத்துப் பாறை என்று நம்பவைத்துக் குதிக்க விடுகிறான். பைத்தியமாக நடிக்கும்போது எட்கர் உளறும் பேய்ப் பெயர்கள்கூட, பேயோட்டும் மோசடியைத் தாக்கி 1603இல் ஹார்ஸ்னெட் எழுதிய புத்தகத்தில் உள்ளவை.

எல்லாவற்றையும்விட நெருக்கமானது 'கிங் லெயர்' என்ற பழைய நாடகம். எழுதியவர் பெயர் தெரியாது. 1594இல் லண்டன் ரோஸ் அரங்கில் நடந்து, 1605இல் அச்சானது. அதில் கிழ அரசரைக் கொல்லக் கூலிக்கு ஒருவன் வருகிறான். கத்தியை ஓங்கும் நேரத்தில் இடி இடிக்கிறது. பயந்து கத்தியைக் கீழே போடுகிறான். அங்கே இடி நல்லவர்கள் பக்கம். ஷேக்ஸ்பியரோ அந்த இடியைப் பெரும் புயலாக்கி, கிழவரை அதன் நடுவே நிறுத்துகிறார். அவர் கத்தினாலும் அது அடங்குவதில்லை. அவருக்குப் பைத்தியம் பிடிப்பதும் கூடவே வரும் விதூஷகனும் பழைய நாடகத்தில் இல்லவே இல்லை.

அப்புறம் முடிவு. ஜெஃப்ரி, ஹோலின்ஷெட், பழைய நாடகம், மூன்றிலும் லியர் போரில் வென்று அரியணை ஏறுகிறார். ஜெஃப்ரியிடம் கார்டீலியா சாவதுகூட, அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்துத்தான். 1606 டிசம்பர் 26 அன்று அரண்மனையில் இந்த நாடகம் நடந்தபோது, பழைய கதை தெரிந்தவர்கள் கிழவர் ஜெயிப்பார் என்றுதான் காத்திருப்பார்கள். அவரோ மகளின் உடலைக் கைகளில் ஏந்தி வருகிறார். இந்த முடிவைத் தாங்க முடியாமல் நாஹும் டேட் என்ற கவிஞர் 1681இல் கார்டீலியாவை உயிரோடு விட்டு மாற்றி எழுதினார். 150 வருஷம் போல மேடைகளில் ஓடியது அந்த வடிவம்தான்.

நான் வாசிக்கும்போதெல்லாம் நின்றுவிடுவது அந்தக் கடைசிக் காட்சியில்தான். மகளின் மூச்சுப் பட்டு மங்குகிறதா என்று பார்க்க லியர் ஒரு கண்ணாடி கேட்கிறார். பிறகு அவள் உதட்டருகே ஓர் இறகு அசைந்ததாக நினைத்து, உயிர் இருக்கிறது என்கிறார். இந்த இடம் ஷேக்ஸ்பியருக்கு முந்திய எந்த லியர் கதையிலும் கிடையாது.