மின்தடையில் விடுபடும் இரண்டு நிமிடங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு சிசிடிவி கேமராக்கள் உள்ளன. 150 ஆம்பியர்-மணி பேட்டரியுடன் இன்வெர்ட்டரும் இருக்கிறது. ஆனாலும், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும்போதெல்லாம் பதிவில் இரண்டு நிமிடங்கள் விடுபட்டுப்போகின்றன. தனியாக யு.பி.எஸ். வாங்கச் சொல்கிறார் எலெக்ட்ரீஷியன். அது தேவைதானா? கேமராக்களை நேராக பேட்டரியில் இணைத்துவிட்டால் என்ன?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்குள் கழியும் கண்ணிமைப்பொழுதில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், கேமராக் காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டியோ அணைந்துவிடும். அது மறுபடி இயங்கத் தொடங்கி, ஹார்டு டிஸ்க்கைச் சரிபார்த்து, பதிவைத் தொடரும் நேரத்தைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யு.பி.எஸ்.' என்று குறிக்கப்பட்ட சிறிய சுவிட்ச் இருக்கும். பணம் செலவழிக்கும் முன் அதைப் போட்டுப் பாருங்கள். மாறும் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தாலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவத் தொடங்கும் என்பதால், குறைந்த மின்னழுத்தம் வாடிக்கையாக உள்ள தெருக்களில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியும் பதிவு அறுபட்டால் எலெக்ட்ரீஷியன் சொல்வது சரி. நான்கு கேமராக்கள், டி.வி.ஆர்., இணைய மோடம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 45 வாட், அதாவது பழைய மின்விசிறி ஒன்றைவிடக் குறைவாகவே இழுக்கும். கணினிக்குப் பயன்படும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அது தனித்து நின்றால் சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். உங்கள் வீட்டில் அது தாண்ட வேண்டியதோ ஒரு நொடிகூட இல்லாத இடைவெளி. அதன்பின் சுமையை இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும். பெரிய பேட்டரியின் 1,800 வாட்-மணியில் பாதியை மட்டுமே நம்பினாலும், கூடவே விசிறியும் டிவியும் ஓடாத வரை, 20 மணி நேரம் கணக்கு வருகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: உங்களுடையது, வீட்டு மின்சாரம்போலச் சீரான அலையைத் தராத சதுர அலை இன்வெர்ட்டர் என்றால், சில யு.பி.எஸ்.கள் அதன் மின்சாரத்தை ஏற்காமல், கீச்சிட்டபடியே தம் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

நேரடி இணைப்பு வேண்டவே வேண்டாம். கேமரா, பேட்டரி இரண்டிலும் 12 வோல்ட் என்றே எழுதியிருந்தாலும், சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும்; பல கேமராக்கள் பத்து சதவீத ஏற்றத்துக்கு மேல் பொறுப்பதில்லை.

வெளியூரிலிருந்து செல்பேசியில் பார்ப்பவர் என்றால், மோடத்தின் அடாப்டரையும் அதே யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள். இணையச் சேவையாளரின் பக்கத்தில் மின்சாரம் நின்றால் நேரலை கிடைக்காது. ஆயினும் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் பதிவு நடந்துகொண்டே இருக்கும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு பகலில் நீங்களே மெயின் சுவிட்சை அணைத்து, டி.வி.ஆர். திரையில் நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். பெட்டி ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.