பன்னிரண்டு நாளாகியும் பலனில்லை, மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 34 வயது. ஆறு மாதமாக எதிலும் ஒட்டுதல் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு படுத்தே கிடக்கிறார். மனநல மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று சொல்லி எஸ்சிடலோபிராம் 10 மி.கி. கொடுத்திருக்கிறார். 12 நாளாகிறது. குமட்டலும் படபடப்பும்தான் கூடியிருக்கின்றன. “பழக்கமாகிவிடும், விட்டுவிடு” என்கிறார் அப்பா. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த வகை மாத்திரைகளில் தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால்தான் வரும். இப்போது விட்டால் தொல்லையை மட்டும் பட்டதாக முடியும்.

மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களுக்கு இடையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடத் தொடங்கும். ஆனால் அதற்கேற்ப மூளை தன்னைத் திருத்திக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில். அதனால்தான் முதலில் வயிறு முரண்டு பிடிக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கம் கெட்டால் காலையில், மந்தமாக இருந்தால் இரவில் போடலாம். படபடப்பு தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில நாள் 5 மி.கி.க்குக் குறைத்து, பிறகு ஏற்றுவார்.

(‘செரட்டோனின் குறைந்ததால் வந்த நோய்’ என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். பரம்பரை, நீண்ட நாள் மன உளைச்சல், இழப்பு, குடி, உடல் நோய் எனப் பலதும் பின்னிக்கொண்டு வருவது இது. தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனைகள் இன்னும் செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.)

பலன் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் தலைகாட்டும். முழுதாகத் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். பலருக்கு முதலில் தூக்கமும் பசியும் சீராகும், பிறகு சுறுசுறுப்பு வரும், சோகம் கடைசியில்தான் விலகும். ஆகவே “மனசு எப்படி இருக்கிறது?” என்று தினமும் கேட்டால் “அப்படியேதான்” என்றுதான் பதில் வரும். காலையில் எத்தனை மணிக்கு விழித்தார், குளித்தாரா, தட்டில் மிச்சம் வைத்தாரா என்று நீங்களே குறித்து வையுங்கள். பெரும்பாலும் அவருக்கு முன் உங்களுக்குத்தான் மாற்றம் தெரியும். நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசைவே இல்லை என்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று மருத்துவர் பார்ப்பார். முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். இரண்டாவது மருந்து தேவைப்படுவது தோல்வி அல்ல.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். மது, புகையிலை போல இந்த மாத்திரைக்கு உள்ளம் ஏங்காது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. ஆனால் சில வாரங்கள் போட்டபின் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு வெட்டு எல்லாம் வரலாம். அதைக் கண்டுதான் ‘பழக்கமாகிவிட்டது’ என்கிறார்கள். தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். ‘நன்றாகிவிட்டேன்’ என்று இரண்டாம் மாதமே விடுபவர்களிடம்தான் நோய் திரும்பி வருவதை அதிகம் பார்க்கிறோம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மனச்சுமை இறங்கும் முன்பே உடலில் தெம்பு வரும் முதல் சில வாரங்களில் கவனம் தேவை. 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இன்னும் கூடுதலாக. “வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மருந்துகளைக் கைக்கு எட்டாமல் வைத்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு என்று மாறினாலும் உடனே சொல்ல வேண்டும். அது இருமுனைக் கோளாறாக (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. வலிக்கு டிரமடாலோ இபுபுரூஃபனோ தாமாக வாங்கிப் போடக் கூடாது. குடியும் கூடாது.

மாத்திரை வேலை செய்யும்வரை சும்மா கிடக்க வேண்டியதில்லை. ‘மனசு வந்தால் எழுவேன்’ என்பது இந்த நோயில் நடக்காது. எழுந்து செய்தால்தான் மனசு பின்னால் வரும். காலையில் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நடை, அவ்வளவு போதும். நீங்களும் கூட நடங்கள், அறிவுரை சொல்லாமல். வசதிப்பட்டால் உளவியல் ஆலோசனையும் சேரட்டும். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேரும்போது தனித்தனியே தருவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க நீங்களும் போய் உங்கள் குறிப்பைக் காட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். இந்த மாத்திரையால் பாலுறவு ஆர்வம் குறைவது சகஜம்; வீட்டார் முன் அதை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுவார்கள்.